இணையத்தைக் கட்டுகிறவர்கள் – 12: கருவியில் ஆழமா, காரியத்தில் ஆழமா?

“ரியாக்ட் மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டால் போதுமா, இல்லை ஃபுல் ஸ்டாக் படிக்க வேண்டுமா?” பொறியியல் கடைசி ஆண்டுப் பிள்ளைகள் இணையத் தளங்களை உருவாக்கும் துறையைப் பற்றி அதிகம் கேட்பது இதைத்தான். ரியாக்ட் என்பது பக்கங்களைக் கட்டும் ஒரு கருவி; ஃபுல் ஸ்டாக் என்பது திரையில் தெரியும் பக்கம் முதல் சர்வர், டேட்டாபேஸ் வரை எல்லாம். ஒன்றிலேயே ஊறிப்போவதா, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கைவைப்பதா? பதில் சொல்வதற்கு முன், இதே துறையில் ஒரு தொழிற்பிரிவே அடியோடு மறைந்துபோன கதையைச் சொல்லியாக வேண்டும்.

2000-களின் தொடக்கத்தில் ஃப்ளாஷ் என்ற மென்பொருள் தெரிந்தவருக்குத் தனி மரியாதை இருந்தது. எழுத்தும் அசையாப் படமுமாக இருந்த பக்கங்களுக்குள் அனிமேஷன், ஒலி, விளையாட்டு எல்லாம் அதன் வழியாகத்தான் வந்து சேர்ந்தன. 2005-இல் யூடியூப் தொடங்கியபோது அதன் வீடியோக்கள் ஓடியதும் ஃப்ளாஷில்தான். அதற்கென்று ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற தனி நிரல்மொழி இருந்தது. ‘ஃப்ளாஷ் டெவலப்பர் தேவை’ என்றே வேலை விளம்பரங்கள் வரும். ஆனால் ஃப்ளாஷுக்குச் சொந்தக்காரர் ஒரே ஒரு நிறுவனம். முதலில் மேக்ரோமீடியா, 2005-இல் அதை வாங்கிய பிறகு அடோபி.

2007-இல் வந்த ஐபோனில் ஃப்ளாஷ் ஓடவில்லை. ஏன் அனுமதிக்கவில்லை என்று 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதமே எழுதினார். பேட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பு போதாது, தொடுதிரைக்கு ஒத்துவராது, ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது என்று காரணங்களை அடுக்கினார். மறு ஆண்டு நவம்பரில், கைபேசி பிரவுசர்களுக்கான ஃப்ளாஷ் பிளேயரை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று அடோபி அறிவித்தது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு முழுவதும் நின்றுபோனது. பல ஆண்டு உழைத்துச் சேர்த்த திறமைக்குச் சந்தையே இல்லை என்று ஆவது சாதாரண அடி அல்ல.

அப்படியானால் ஒன்றையே நம்பியது தவறு, எல்லாவற்றிலும் கால்வைப்பதே பத்திரம் என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஃப்ளாஷில் மூழ்கியிருந்தவர்களில் சிலர் பின்னால் என்ன ஆனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மிஸ்டர்டூப் என்ற பெயரில் அறியப்படும் ரிக்கார்டோ கபெல்லோ, முப்பரிமாணக் காட்சிகளுக்கான தன் நிரலை முதலில் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்டில்தான் எழுதிப் பார்த்தார். பிறகு அதை ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் கொண்டுவந்து 2010-இல் வெளியிட்டார். அதுதான் த்ரீ.ஜேஎஸ். இன்று பிரவுசருக்குள் முப்பரிமாணக் காட்சி என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பெயர் அது. ஜாக் டாயிலின் கிரீன்சாக் என்ற அனிமேஷன் கருவிகளும் ஃப்ளாஷில் பிறந்தவைதான். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாறிய பிறகும் அனிமேஷன் வேலையில் அவற்றின் செல்வாக்கு குறையவில்லை.

இவர்களுக்கு அப்படி என்ன தெரிந்திருந்தது? திரையில் ஒரு பெட்டி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகத்தில் வந்து சட்டென்று நின்றால் கண்ணுக்கு உறுத்தும். வேகமாகக் கிளம்பி, நிற்குமிடம் நெருங்க நெருங்கத் தளர்ந்து அமர்ந்தால் இயல்பாக இருக்கும். அந்தத் தளர்வு எவ்வளவு, எந்த நொடியில் தொடங்க வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்டில் எழுதினாலும் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதினாலும் அந்தக் கணக்கு மாறாது. ஃப்ளாஷ் என்பது அவர்கள் கையிலிருந்த கருவி. அவர்கள் ஆழம் கண்டது அசைவில்.

இந்த வேறுபாட்டைத்தான் பிள்ளைகள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ரியாக்ட்டை ஃபேஸ்புக் பொதுவெளிக்குத் திறந்துவிட்டது 2013-இல். அதற்கு முன்பு எங்கு பார்த்தாலும் ஜேகுவெரி என்ற கருவி. ரியாக்ட்டுக்குப் பின்னும் ஒன்று வரும். ‘நான் ரியாக்ட் ஆள்’ என்று தன்னை நிறுத்திக்கொள்பவர், அந்தக் கருவியின் ஆயுளோடு தன் பிழைப்பைக் கட்டிவிடுகிறார்.

இதையே சொல்லி ‘ஃபுல் ஸ்டாக்’ பயிற்சிகளை விற்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் பயிற்சி நிலைய விளம்பரங்களைப் பாருங்கள்: எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், நோட், மாங்கோடிபி. ஒரு கருவிக்குப் பதிலாக ஆறு கருவிகள், அவ்வளவுதான். அதற்குப் பெற்றோர் கடன் வாங்கிப் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

உண்மையான அகலம் என்பது வேறு. 1990-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முதல் சர்வரையும் முதல் பிரவுசரையும் தானே எழுதினார். பக்கத்தை எழுதும் முறை, அதை அனுப்பும் முறை, அதற்கு முகவரி தரும் முறை எல்லாம் அவர் வகுத்தவை. முழுச் சங்கிலியும் ஒரே தலைக்குள் இருந்தது. அடுத்து வந்த வெப்மாஸ்டர்களும் ஏறக்குறைய அப்படித்தான் வேலை பார்த்தார்கள். பக்கங்கள் சிக்கலாகச் சிக்கலாக, திரையில் தெரிவதைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ரண்ட் எண்ட், சர்வர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பேக் எண்ட் என்று வேலை பிரிந்தது. அது தவிர்க்க முடியாதது. ஆனால் சங்கிலி முழுவதையும் பார்க்கத் தெரிந்தவரின் தேவை குறையவில்லை.

ஒரு செய்தித் தளம். முகப்பில் 50 கட்டுரைகளின் பட்டியல். பக்கம் திறக்க நேரமாகிறது. ஃப்ரண்ட் எண்ட் ஆள் படங்களின் அளவைக் குறைத்துப் பார்க்கிறார். சர்வர் ஆள் பெரிய சர்வர் வேண்டும் என்கிறார். இரு பக்கமும் அறிந்த ஒருவர் வந்து, டேட்டாபேஸுக்குப் போகும் க்வெரிகளைத் திறந்து பார்க்கிறார். கட்டுரைப் பட்டியலைக் கேட்டு ஒரு க்வெரி போகிறது. அதன்பின் ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதியவர் பெயரைக் கேட்டுத் தனித்தனியாக ஒன்று. மொத்தம் 51. பக்கத்தை உருவாக்கும் நிரலில் எழுதியவர் பெயரைக் காட்டச் சொல்லும் ஒற்றை வரிதான் காரணம். அந்த வரியை எழுதியவருக்கு அது டேட்டாபேஸ் வரை போகிறது என்று தெரியாது. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த வரி இருப்பதே தெரியாது. கட்டுரையையும் எழுதியவர் பெயரையும் சேர்த்தே வாங்கினால் ஒரு க்வெரியோடு முடிந்துபோகும்.

ஆழமும் அகலமும் ஒரே ஆளிடம் சேரும் என்பதற்கு இங்கிலாந்தின் ரேச்சல் ஆண்ட்ரூ நல்ல சான்று. பெர்ச் என்ற சிறு மென்பொருளைக் கூட்டாக உருவாக்கி விற்று, அந்த நிறுவனத்தை நடத்தியவர். அப்படிப்பட்ட சிறு கடையில் நிரல் எழுதுவது முதல் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது வரை எல்லாவற்றுக்கும் ஆள் தாமேதான். அதே காலத்தில் பக்க அமைப்பு என்ற ஒரே விஷயத்தில் ஆழ்ந்து போனார். பக்கத்தைப் பத்தி பிரித்து அடுக்க முன்பு அட்டவணைகளைப் பயன்படுத்தினார்கள், பிறகு ஃப்ளோட் வந்தது, அப்புறம் ஃப்ளெக்ஸ்பாக்ஸ். அடுத்த முறையான சிஎஸ்எஸ் கிரிட் 2017 மார்ச்சில்தான் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மாதிரிகள் செய்துகாட்டி அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் அவர். வழிமுறைகள் ஒவ்வொன்றாக மாறின, பக்கத்தை எப்படி அடுக்குவது என்ற கேள்வி மாறவில்லை.

எனவே என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு: முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஏதாவது ஒன்றை முழுதாகக் கட்டுங்கள். டொமைன் வாங்குவது, சர்வரில் ஏற்றுவது, பேக்கப் எடுப்பது, நள்ளிரவில் தளம் விழுந்தால் எழுப்பிவிடுவது வரை. அது உங்கள் ஊர் நூலகத்தின் தளமாக இருந்தாலும் போதும், நாலு பேர் நிஜமாகப் பயன்படுத்த வேண்டும். அந்த வேலையில் எந்தச் சிக்கல் உங்களைத் தூங்கவிடாமல் இழுக்கிறதோ, வேகமோ பாதுகாப்போ டேட்டாபேஸோ, அதில் இறங்குங்கள்.

அப்படி இறங்கத்தக்க துறைகளில் நம்மவர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத ஒன்று, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பது. டொமினோஸ் தளத்தில், திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் கொண்டு பீட்சா வாங்க முடியவில்லை என்று கியெர்மோ ரோப்லெஸ் என்ற பார்வையற்றவர் 2016-இல் வழக்குப் போட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாசல் வரை போன அந்த வழக்கையும், ஒரு பட்டனைச் சரியாக எழுதுவதற்கு ஏன் நிபுணர் தேவைப்படுகிறார் என்பதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)