கூடித் திருத்திய ஏடுகள்

நுழையும்முன்

நூலின் அட்டையில் ஆசிரியர் பெயரைக் காண்கிறோம். வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையும் காண்கிறோம். அந்நூலைப் பிழை நீக்கி, ஒழுங்குபடுத்தி நம் கைக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியரை நாம் தேடிப் பார்ப்பதில்லை. அத்தகைய பதிப்பாசிரியர்களை ஓர் அமைப்பாகக் கூட்டி, ஊதியம் கருதாமல் அவ்வமைப்பை வழிநடத்தியவர்களைப் பற்றி அறிந்தோர் அவரினும் சிலரே. கடலூர், சிதம்பரம் பகுதியோடு தொடர்புடைய சில நிகழ்வுகளின் வழியே அவர்தம் பணியின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு புள்ளியின் விலை

பனையோலையில் எழுத்தாணியால் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் ஏட்டில் வடிவ வேறுபாடு இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே தோன்றும். சொற்களுக்கு இடையே இடைவெளியும் இராது.

இதனால் விளையும் இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஏட்டில் ‘மெய’ என்று இரண்டு எழுத்துகள் இருப்பதாகக் கொள்வோம். அதனை மெய, மெய், மேய, மேய் என நான்கு வகையாகப் படிக்க இடமுண்டு. ‘மெய்’ என்றால் உண்மை அல்லது உடல். ‘மேய்’ என்றால் மேய்தல். எது பொருந்தும் என்பதை யாப்பையும் இலக்கணத்தையும் பாடலின் சூழலையும் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். ஏட்டைப் படியெடுத்தவர் ஓரிடத்தில் தவறியிருந்தால், அவருடைய படியைப் பார்த்து எழுதிய அனைவரும் அத்தவற்றையே வழிவழியாகப் பெற்றிருப்பர். ஆகவே ஓர் ஏட்டை மட்டும் நம்புதல் கூடாது. கிடைக்கும் ஏடுகளையெல்லாம் ஒப்புநோக்கி, வேறுபடும் இடங்களைக் குறித்து, பொருந்தும் பாடத்தைத் தேர்ந்து, விலக்கிய பாடத்தையும் அடிக்குறிப்பில் காட்டுவது பதிப்பாசிரியரின் கடமையாகும். விலக்கியதையும் காட்டுவதால், பின்வரும் ஆய்வாளர் அவர் முடிவை மீண்டும் சோதித்துப் பார்க்க இயலும்.

தனியொருவர் உழைப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பணியைப் பெரும்பாலும் தனிமனிதர்களே சுமந்தனர். யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) பழைய நூல்கள் பலவற்றைத் திருத்தமுற அச்சிட்டார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரவலாக வழங்கச் செய்தார். சிதம்பரத்தில் 1864ஆம் ஆண்டு அவர் நிறுவிய பள்ளி, கல்விப் பணியையும் பதிப்புப் பணியையும் அவர் வேறாகக் கருதவில்லை என்பதற்குச் சான்றாகும். சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. பின்னாளில் சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார்.

இவர்களுடைய உழைப்பு போற்றுதற்குரியது. ஆயினும் தனியொருவர் உழைப்புக்கு எல்லை உண்டு. ஏடு தேடி ஊர் ஊராகச் செல்லுதல், படியெடுத்தல், ஒப்பிடுதல், அச்சுக்கூலிக்குப் பொருள் திரட்டுதல், மெய்ப்புத் திருத்துதல் என அனைத்தும் ஒருவர் தோளிலேயே விழுந்தன. நற்றிணைக்கு உரை வகுத்துப் பதிப்பிக்க உழைத்த பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் 1914இல் மறைந்தார். அந்நூலோ 1915இல்தான் வெளிவந்தது. தம் உழைப்பின் பயனை நூல் வடிவில் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. ஒருவரது வாழ்நாளைவிட நீண்ட பணிக்கு, ஒருவரது வாழ்நாளைவிட நீண்டு நிற்கும் அமைப்பு ஒன்று தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

சங்கமாகக் கூடுதல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய அமைப்புகள் தோன்றலாயின. 1901இல் பாண்டித்துரைத் தேவரின் முயற்சியால் மதுரைத் தமிழ்ச் சங்கம் எழுந்தது. அதன் ‘செந்தமிழ்’ இதழ், அச்சேறாத பல நூல்களை வெளிக்கொணர்ந்தது. 1911இல் தஞ்சையை அடுத்த கரந்தையில் மற்றொரு தமிழ்ச் சங்கம் தோன்றியது.

இவ்விரண்டிற்கும் இடையே, 1905ஆம் ஆண்டில், கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில் சைவ சித்தாந்த மகா சமாஜம் உருப்பெற்றது. ஞானியார் மடாலயத்தின் தலைவரான ஞானியாரடிகள் அதற்கு அரணாக விளங்கினார். அதனைத் தோற்றுவிப்பதில் முன்னின்ற மறைமலையடிகள் அக்காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். அவருக்குக் கல்லூரிப் பணி வாழ்வாதாரம்; சங்கப் பணி தாமே விரும்பி ஏற்ற தொண்டு. சமய நூல்களைப் பரப்பும் நோக்குடன் தோன்றிய அவ்வமைப்பு, பின்னர்த் தமிழுலகம் முழுமைக்கும் பயன்படும் ஒரு பதிப்பை வழங்கியது.

1940ஆம் ஆண்டு சமாஜம் வெளியிட்ட ‘சங்க இலக்கியம் (பாட்டும் தொகையும்)’ என்னும் பதிப்பே அது. எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஆகிய 18 நூல்களும் அதில் ஒருசேர இடம்பெற்றன. அதனைப் பதிப்பித்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகப் பல்லாண்டு பணிபுரிந்த பட்டறிவு அவருக்கு இருந்தது. அறிஞர் பலரின் கூட்டுழைப்பும் அவருக்குத் துணைநின்றது.

பாடல்களை நூல் வரிசையில் அடுக்காமல் புலவர் வரிசையில் அடுக்கியமை அப்பதிப்பின் தனிச்சிறப்பு. கேட்பதற்கு இஃது எளிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால், நக்கீரர் என்றும் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றும் பெயர் வரும் இடங்களில் அவர் ஒருவரா, இருவரா? கபிலரும் தொல்கபிலரும் ஒருவரா, வேறானவரா? பரணரும் வன்பரணரும் எத்தகையோர்? ஒவ்வொரு பெயர் குறித்தும் முடிவெடுத்த பின்னரே ஒரு பாடலுக்கு இடம் ஒதுக்க இயலும். அந்த உழைப்பின் பயனாக, பல தொகைகளில் சிதறிக் கிடந்த ஒரு புலவரின் பாடல்களை ஒருங்கே கற்கும் வாய்ப்பு முதன்முறையாக எல்லார்க்கும் கிடைத்தது. சங்கப் பாடல்கள் 2381, பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர் என்று நாம் இன்று எண்ணிக்கையோடு சொல்வது இத்தகைய உழைப்பின் விளைவேயாகும்.

தெரியுமா?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். சங்கத்திற்குத் துணைவிதிகள் இருத்தல் வேண்டும்; ஆண்டுதோறும் பொதுக்குழு கூடுதல் வேண்டும்; வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்படுதல் வேண்டும்.

ஊதியமில்லாத் தலைமை

பதிப்பாசிரியர் பணி இன்று உலகெங்கும் ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழிலில் ஈடுபட்டோர் தமக்கெனச் சங்கங்களும் அமைத்துள்ளனர். கனடாவில் 1979இலும் பிரிட்டனில் 1988இலும் தோன்றிய பதிப்பாசிரியர் சங்கங்கள் இன்றும் செயல்படுகின்றன. பிரிட்டன் சங்கம் பின்னாளில் அந்நாட்டின் அரச சாசனத்தைப் பெற்று, 2020 முதல் பட்டய நிறுவனமாக இயங்குகிறது. ஒரு நிறுவனத்தில் அமர்ந்து பணிபுரியாமல், தத்தம் இல்லத்திலிருந்தே தனித்து உழைக்கும் திருத்துநர்களை ஒன்றிணைக்கும் தேவையிலிருந்தே இவ்விரு சங்கங்களும் பிறந்தன.

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். நூலைத் திருத்துவது தொழில். அதற்கு ஊதியம் உண்டு, ஊதியம் கேட்பதும் முறையே. சங்கத்தின் தலைவராகவும் செயலாளராகவும் பொருளாளராகவும் இருப்பது தொண்டு. பகலில் தம் தொழிலைச் செய்து, மாலையிலும் விடுமுறை நாளிலும் சங்கப் பணியைச் செய்வோரே அப்பொறுப்புகளை ஏற்கின்றனர். அவர்தம் கடமைகளை நான்காகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, பொது நெறி வகுத்தல். ஒரே சொல்லை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதினால் படிப்போர் தடுமாறுவர். வல்லினம் மிகும் இடம், பிறமொழிப் பெயரை எழுதும் முறை, எண்ணை எண்ணாலோ எழுத்தாலோ குறிக்கும் முறை ஆகியவற்றில் ஒருமைப்பாடு வேண்டும். தமிழில் மொழி அறக்கட்டளை உருவாக்கிய ‘தமிழ் நடைக் கையேடு’ இத்தேவையை நிறைவு செய்ய எழுந்த நூலாகும்.

இரண்டாவது, கருத்து வேறுபாட்டை முடிவுக்குக் கொண்டுவருதல். மொழியறிவு மிக்கோர் கூடும் அவையில் கருத்து வேறுபாடு இயல்பு. அனைவரையும் பேசவிட்டு, எழுதப்பட்ட காரணத்துடன் ஒரு முடிவை எட்டச் செய்பவரே நல்ல தலைவர். தம் கருத்து தோற்றபோதும் அவையின் முடிவை நிறைவேற்றும் மனப்பாங்கு அவருக்கு வேண்டும்.

மூன்றாவது, பயிற்றுவித்தல். மெய்ப்பு நோக்கும் கலையை நூலால் மட்டும் கற்க இயலாது. தேர்ந்தவர் அருகிருந்து, அவர் எங்கே தயங்குகிறார், எதை அகராதியில் தேடுகிறார் என்று கண்டே கற்க இயலும். இளையோருக்கு அவ்வாய்ப்பை உருவாக்குவது சங்கத்தின் பொறுப்பு.

நான்காவது, பொறுப்பை ஒப்படைத்தல். இதுவே நான்கினுள்ளும் கடினமானது. நெடுங்காலம் உழைத்தவர் தாமின்றிச் சங்கம் நடவாது என்று எண்ணத் தொடங்குவது மனித இயல்பு. கணக்கேடும் முடிவேடும் ஒருவர் வீட்டுப் பெட்டியில் மட்டும் இருக்குமாயின், அவரோடு அச்சங்கமும் முடிந்துவிடும். அடுத்தவரை உடன் வைத்துப் பழக்கி, உரிய காலத்தில் விலகுவோரே சங்கத்திற்கு நீண்ட ஆயுளை அளிக்கின்றனர்.

ஏட்டிலிருந்து மின்னேட்டுக்கு

கூடித் திருத்தும் மரபு அச்சோடு நின்றுவிடவில்லை. 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கப்பெற்றது. தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் மாற்றி, எவரும் விலையின்றிப் பெறுமாறு வழங்குவது அதன் நோக்கம். சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் அதன் தலைவராகவும், அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனன் துணைத்தலைவராகவும் பொறுப்பேற்றனர். இருவருக்கும் வாழ்வாதாரம் வேறு. தமிழ்ப்பணி தன்னார்வத் தொண்டு.

ஒரு நாட்டிலுள்ளவர் நூலைத் தட்டச்சு செய்வார். வேறொரு நாட்டிலுள்ளவர் அதனை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவார். தட்டச்சு செய்தவர் தம் பிழையைத் தாமே காண்பது அரிது. கண் எழுத்தைப் படிக்காமல், மனம் எதிர்பார்ப்பதையே படித்துவிடும். ஆதலால் இரண்டாம் கண் இன்றியமையாதது. மின்னேட்டின் தொடக்கத்தில், உழைத்தவர்களின் பெயர்களும் நன்றியுடன் குறிக்கப்படுகின்றன. தொடக்கத்தில் வழங்கிய எழுத்துருக் குறியேற்றம் மாறி ஒருங்குறி வந்தபோது, முன்பு உருவாக்கிய நூல்களும் புதிய முறைக்கு மாற்றப்பட்டன. அம்மாற்றம் நிகழாதிருந்தால், செல்லரித்த ஏட்டைப் போலவே அம்மின்னேடுகளும் படிக்க இயலாதனவாகியிருக்கும். பாதுகாத்தல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று. தலைமுறைதோறும் தொடர வேண்டிய செயல் என்பதை இது காட்டுகிறது.

நிறைவாக

பதிப்புப் பணியில் பிழை இருந்தால் பலரும் காண்பர். பிழை இல்லாவிடில் அப்பணி நடந்ததையே எவரும் உணரார். அப்பணியாளர்களின் சங்கத்தை நடத்துவோரோ அதனினும் மறைவாக நிற்பவர். கூட்டத்திற்கு அழைப்பு எழுதியவர், சந்தாவுக்குக் கணக்கு வைத்தவர், கருத்து மாறுபட்ட இரு புலவர்களை ஒரே மேசையில் அமர்த்தியவர் ஆகியோரின் பெயர் பெரும்பாலும் வரலாற்றில் எஞ்சுவதில்லை. ஆயினும் அவர்கள் இல்லையேல் கபிலரின் பாடல்களை இன்று நாம் ஒருங்கே படிக்க இயலாது.

அடுத்த முறை ஒரு நூலைத் திறக்கும்போது, முதற்பாடலுக்கு விரைவதற்கு முன் பதிப்புரையைப் படிப்போம். ஏடு கொடுத்தவர், ஒப்பிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் என்று அங்கே சிலர் பெயர்கள் இருக்கும். அவற்றை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் முதல் நன்றியாகும். அவர்கள் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்வது அடுத்த நன்றியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி நூலகத்தில் ஏதேனும் ஒரு சங்க இலக்கியப் பதிப்பின் பதிப்புரையைப் படித்து, பணியில் பங்கேற்றோர் யார் யார், எவ்வெப்பணியைச் செய்தனர் என்று பட்டியலிடுக.

2. ஒரு பத்தியை நண்பர் ஒருவர் பார்த்தெழுத, மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துக. கண்டறிந்த பிழைகளை வகைப்படுத்துக.

3. வகுப்பிற்கு ஒரு கையெழுத்து இதழ் தொடங்க ஆசிரியர் குழுவை அமைத்து, எழுத்து முறைக்கான பொது நெறிகள் பத்தினை விவாதித்து வகுக்க.