லேப்டாப் விசிறிக்கு எந்த மின்சாரம்?



கரிசல் பூமியின் சித்திரை வெயிலைப் பற்றி கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மத்தியானம் தெருவில் காக்கா கூட இருக்காது. அந்த நேரத்தில் மடியில் லேப்டாப்பை வைத்துப் பாருங்கள். தோசைக்கல்லைத் தூக்கி வைத்தது போல இருக்கும்!

எங்கள் பக்கத்து வீட்டில் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அண்ணனின் பழைய லேப்டாப்பில்தான் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி செய்வாள். ஒரு நாள் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே அது சூடாகி, தானாக அணைந்துவிட்டது. இரண்டு மணி நேர உழைப்பு போச்சு! அழுகையை அடக்கிக்கொண்டு, சென்னை மாமாவிடம் சொல்லி ஒரு கூலிங் பேட் வரவழைத்தாள். லேப்டாப்புக்கு அடியில் வைக்கும், விசிறி பொருத்திய தட்டு அது.

அந்தத் தட்டின் ஓரத்தில் இரண்டு துளைகள். ஒன்று யு.எஸ்.பி. துளை. இன்னொன்று சின்ன வட்டத் துளை. லேப்டாப்பில் காலித் துளை இல்லையே என்று யோசித்தவள், பரணில் கிடந்த செட்டாப் பாக்ஸ் அடாப்டரை எடுத்து வட்டத் துளையில் சொருகினாள். கச்சிதமாகப் பொருந்தியது. விசிறி என்ன வேகம் சுற்றியது தெரியுமா? கயத்தாறு காற்றாலை தோற்றுப்போகும்! பத்தே நிமிடம்தான். கருகிய வாடை. விசிறி நின்றுவிட்டது.

"வாத்தியார் தாத்தா, சரியாத்தானே சொருகினேன்?" என்று தட்டோடு என்னிடம் வந்தாள்.

"தாயி, துளை பொருந்தினால் போதுமா? வோல்ட் பொருந்த வேண்டாமா?" என்றேன்.

அடாப்டரின் முதுகைத் திருப்பிப் பார்த்தோம். 12 வோல்ட். தட்டின் அடியில் இருந்த லேபிளில் 5 வோல்ட், 0.4 ஆம்பியர். வினை அங்கேதான்.

வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெரியவர்களும்தான்! ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரம்தான் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர். தொட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நீங்கள் குழாயைத் திறந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். ஆனால், அதே தொட்டியை இரண்டு மடங்கு உயரத்தில் தூக்கி வைத்தால்? குழாய் பீய்ச்சி அடிக்கும். குடம் உருளும். அந்த விசிறிக்கு நடந்தது இதுதான்.

எனவே, வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் மட்டும், விசிறி கேட்பதைவிடக் கூடுதலாக இருந்தால் தப்பில்லை. "செல்போன் சார்ஜரில் 2 ஆம்பியர் என்று இருக்கிறதே, விசிறி எரியாதா?" என்று அவள் கேட்டாள். எரியாது. விசிறி 0.4 ஆம்பியரை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சீண்டாது. இப்போது வரும் வேகமான சார்ஜர்களில் 5, 9, 12 வோல்ட் என்று மூன்றும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போன் தன் சமிக்ஞையால் கேட்டால்தான் சார்ஜர் 9 வோல்ட் தரும். கேட்கத் தெரியாத இந்த விசிறிக்கு யு.எஸ்.பி. வயரில் 5 வோல்ட்தான் வரும்.

சரி, லேப்டாப்பில் இருந்தே விசிறியை ஓட்டினால் என்ன? ஓட்டலாம். யு.எஸ்.பி. துளையும் 5 வோல்ட்தான் தரும். பழைய வகைத் துளை 0.5 ஆம்பியர் வரை கொடுக்கும். 2008-ல் வந்த அடுத்த வகை 0.9 ஆம்பியர் வரை கொடுக்கும். பெரும்பாலும் உள்ளே நீல நிற நாக்கு தெரியும். நான்கைந்து விசிறி வைத்த பெரிய தட்டு என்றால் லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும்.

கரண்ட் போனால்தான் சங்கடம். ஒரு கணக்கு போடுவோமா? பேட்டரியில் 48 வாட் அவர் என்று எழுதியிருக்கிறது. லேப்டாப் 12 வாட் எடுத்தால் 4 மணி நேரம் ஓடும். விசிறிக்கு 5 × 0.4 = 2 வாட். இரண்டும் சேர்ந்து 14 வாட். 48-ஐ 14-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 3 மணி 26 நிமிடம்தான் வருகிறது. விசிறி அரை மணி நேரத்துக்கு மேல் தின்றுவிட்டது!

இது நம் ஊர்க்காரர்கள் பட்டு அறிந்த விஷயம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. மறு வருடமே, 2012-ல், மாநிலம் முழுவதும் கடும் மின்வெட்டு. பிள்ளைகள் பேட்டரியைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்தார்கள். கயத்தாறு பக்கம் இத்தனை காற்றாலைகளை வைத்துக்கொண்டு நாம் இருட்டில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வரும். அது கிடக்கட்டும்.

கரண்ட் இருக்கும்போது செல்போன் சார்ஜரில் சொருகிவிடுங்கள் என்பது என் கட்சி. லேப்டாப்பின் துளையும் மிச்சம். கரண்ட் இல்லாதபோது பவர் பேங்க். 10,000 மில்லி ஆம்பியர் அவர் பவர் பேங்கின் உள்ளே 3.7 வோல்ட் பேட்டரி இருக்கும். பெருக்கினால் 37 வாட் அவர். 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். பாதிதான் கிடைக்கும் என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் 2 வாட் விசிறி 9 மணி நேரம் ஓடும். பவர் பேங்க்கும் இல்லையா? விசிறியைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு கட்டைகள் மேல் தூக்கி வைத்தாலே ஓரளவு காற்று போகும். மெத்தை, தலையணை மேல் மட்டும் வைக்கவே கூடாது. அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுப் போகும்.

இன்னொன்று. எந்த விசிறியும் அறையின் சூட்டுக்குக் கீழே லேப்டாப்பைக் குளிர வைக்காது. மண்பானை மாதிரி நினைத்து ஈரத்துணி போட்டுவிடாதீர்கள்! மண்பானையில் நீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துப் போகும். இங்கே நீர் பட்டால் லேப்டாப்பே போய்விடும். ஆடிக் காற்றில் பறக்கும் கரிசல் புழுதியும் விசிறிக்கு எதிரிதான். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள்.

அந்தப் பெண் மெயின் ரோட்டுக் கடையில் 5 வோல்ட் விசிறி ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தாள். இப்போது செல்போன் சார்ஜரில்தான் ஓட்டுகிறாள். முந்தாநாள் எட்டிப் பார்த்தேன். தட்டின் வட்டத் துளை மேல் ஒரு தீப்பெட்டி லேபிளை மடிப்பில்லாமல் பசை தடவி ஒட்டியிருந்தாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அம்மாவின் மகள் ஆயிற்றே!