பாதி பரிசு, முழு உழைப்பு! 'டபுள்ஸ்' ஷட்டிலில் சாதித்த மலேசிய தமிழ்ப்பெண் தீனா

பெரம்பலூர்:

சாயங்காலம் ஆனால் போதும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் ரெண்டு கம்பத்தை நட்டு, வலையைக் கட்டி ஷட்டில் ஆட ஆரம்பித்து விடுகிறார்கள். இடம் கம்மி, ஆள் ஜாஸ்தி. அதனால் பெரும்பாலும் ரெண்டு ரெண்டு பேராகத்தான் ஆட்டம்.

ஆனால், "பொண்ணு நல்லா டபுள்ஸ் ஆடுறா, பயிற்சிக்கு அனுப்பலாமா?" என்று கேட்டால், "ஜோடி சேர்ந்து ஆடுறதுல என்ன பெருசா கிடைச்சிடப் போகுது?" என்பதுதான் பல வீடுகளில் பதில்.

கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை சொல்ல ஒருவர் இருக்கிறார். நம்ம ஊர்க்காரர்கள் பிழைப்பு தேடிப் போகும் மலேசியாவில்!

யார் இந்த தீனா?

தீனா முரளிதரன். 1998-ல் பிறந்த மலேசியத் தமிழ்ப்பெண். பெண்கள் இரட்டையர் பிரிவுதான் இவருக்கு முழுநேரத் தொழில். இவரது ஜோடி பெர்லி தான், தீனாவை விட 2 வயது இளையவர்.

முதலில் ஒரு விஷயம். நம்ம பக்கம் பூப்பந்து என்று மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து ஆடுவது வேறு. இது இறகுப்பந்து. ஒற்றையர் ஆட்டத்துக்கு களத்தின் அகலம் 17 அடி. இரட்டையருக்கு 20 அடி. நீளம் ரெண்டுக்கும் 44 அடி.

அகலம் 3 அடிதானே கூடுகிறது, ஆள் ரெண்டு மடங்கு ஆச்சே, அப்போ ஈஸிதானே என்று நினைக்க வேண்டாம். ஆள் கூடினால் பந்து திரும்பி வரும் வேகமும் கூடும். யோசிக்க நேரமே இருக்காது.

அடிக்கும்போது ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். எதிராளி அடிக்கும்போது ரெண்டு பேரும் பக்கம் பக்கமாக மாற வேண்டும். ஒரு ஆள் மாற மறந்தால் பாயிண்ட் காலி!

பெர்லி பின்னால் நின்று வெளுத்து வாங்குபவர். 2023-ல் மணிக்கு 438 கிலோ மீட்டர் வேகத்தில் அடித்து, பெண்களில் அதிவேக அடிக்கான கின்னஸ் சாதனை படைத்தார். முன்னால் வலை ஓரம் நின்று, அவர் அடிக்க வசதியாக பந்தைத் தூக்க வைப்பது தீனாவின் முக்கிய வேலை. கைதட்டல் பின்னால் அடிப்பவருக்கு. பாதி வேலையை முடித்தது முன்னால் நிற்பவர்.

காசு எவ்வளவு?

2023 மலேசிய ஓப்பன் போட்டியில் ஒற்றையரில் ஜெயித்தவருக்கு 87 ஆயிரத்து 500 டாலர். இரட்டையரில் ஜெயித்த ஜோடிக்கு 92 ஆயிரத்து 500 டாலர். ரெண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 46 ஆயிரத்து 250 தான். அதாவது, ஒற்றையர் வாங்குவதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலக தரவரிசைப் புள்ளி தனி ஆளுக்கு அல்ல, ஜோடிக்குத்தான். ஒருவருக்கு கால் சுளுக்கினால் இன்னொருவரும் உட்கார வேண்டியதுதான். ஜோடி உடைந்தால் புதுத் துணையோடு மறுபடி புள்ளி சேர்க்க வேண்டும்.

பாரீசில் விட்டது... பாரீசிலேயே பிடித்தது!

இத்தனையையும் தாண்டித்தான் இந்த ஜோடி வந்தது. 2021-ல் சுவிஸ் ஓப்பன் பட்டம். 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தங்கம். அங்கே கலப்பு அணி இறுதிப்போட்டியில் மலேசியா 3-1 என இந்தியாவை வீழ்த்தியது. அதில் நம் திரீசா ஜாலி - காயத்ரி கோபிசந்த் ஜோடியைத் தோற்கடித்தவர்களும் இவர்கள்தான். அதே ஆண்டு பிரெஞ்ச் ஓப்பனும் கைக்கு வந்தது.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை முன்னேறினர். மலேசிய பெண்கள் ஜோடி ஒன்று அவ்வளவு தூரம் போனது அதுவே முதல் முறை. அரையிறுதியில் சீனாவின் சென் கிங்சென் - ஜியா யிபான் ஜோடியிடம் தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானின் மட்சுயாமா - ஷிடா ஜோடியிடமும் தோல்வி. 4-வது இடம். கையில் ஒன்றும் இல்லை.

அந்த இடத்தில் பல ஜோடிகள் 'உன்னாலதான், என்னாலதான்' என்று பிரிந்து விடும். இவர்கள் பிரியவில்லை. 2025-ல் தாய்லாந்து ஓப்பனை ஜெயித்தார்கள். அதே ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப். ஊர் அதே பாரீஸ். அரங்கமும் ஒலிம்பிக்கில் தோற்ற அதே அரங்கம்! இந்த முறை இறுதிப்போட்டி வரை போய் வெள்ளி வாங்கினார்கள். பெண்கள் இரட்டையரில் மலேசியாவுக்கு அதற்கு முன் கிடைக்காத பதக்கம் அது. இத்தனைக்கும் உலக சாம்பியன்ஷிப்பில் பரிசுப்பணம் என்று ஒரு பைசா கிடையாது.

நம்ம ஊர் பிள்ளைகளுக்கு?

இந்தியாவிலும் டபுள்ஸ் ஆடி பெயர் வாங்கியவர்கள் உண்டு. 2011-ல் ஜுவாலா கட்டா - அஸ்வினி பொன்னப்பா ஜோடி உலக சாம்பியன்ஷிப் வெண்கலம் வென்றது. சாத்விக் - சிராக் ஷெட்டி ஜோடி 2023-ல் ஆசிய விளையாட்டு தங்கம் வென்றது.

சின்ன ஊர் என்று தயங்கவும் வேண்டாம். இந்திய ஹாக்கி அணிக்கு ஆடிய கார்த்தி செல்வம் நம்ம அரியலூர்க்காரர்தான்.

முதலமைச்சர் கோப்பை போட்டியில் இறகுப்பந்தும் உண்டு. மாவட்ட அளவில் இருந்தே ஆடலாம். தமிழக அரசு வேலைவாய்ப்பில் தகுதியான விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்தப் போட்டியில் எந்த இடம் பிடித்தால் அது செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது. சான்றிதழ்களை பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும்.

எல்லோரும் தீனா ஆகிவிட முடியாது. ஆனால் பிள்ளை தோற்று வந்தால் ஜோடியைத் திட்டி அனுப்பாமல், ரெண்டு பேரையும் உட்கார வைத்து சோறு போடுங்கள். மறுநாள் சாயங்காலம் சேர்ந்தே ஆடப் போவார்கள்.