தாளடிப் பருவம்

காரைக்காலைச் சேர்ந்த நம் கோவில்பத்துக்குத் தேவாரப் பெயர் திருத்தெளிச்சேரி. சிவபெருமானே உழவராய் வந்து இங்கே விதை தெளித்தார் என்பது தல புராணம். குறுவை அறுத்த வயலில் மறுபடியும் தாளடி நடுவது காவிரி நாட்டு வழக்கம். நாமோ, ஐம்பது வயதானதும், “இனி என்ன இருக்கிறது?” என்று திண்ணையில் சாய்ந்து விடுகிறோம்!

இதே காவிரி நாட்டில் 1855-ஆம் வருஷம் பிறந்தவர் உ. வே. சாமிநாதையர். 1903-இல், தமது 48-ஆம் வயதில், பழகிய கும்பகோணத்தை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். 1919-இல் உத்தியோகம் முடிந்தது. ஏட்டுச்சுவடி வேலை முடியவில்லை. 1937-இல், எண்பது வயதைக் கடந்த பின், குறுந்தொகையை உரையுடன் வெளியிட்டார். 1940-இல் தம் சரித்திரத்தை வாரப் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறு முன்பே 1942-இல் காலமானார். கையில் வேலை இருக்கும்போதே கண் மூடுவது எத்தகைய பாக்கியம்!

பென்ஷன் பெறும் அன்பர்களே, அறுவடை ஒன்றுதான் ஆயிற்று. வயல் இன்னும் நம்முடையதே.