டின்னில் வந்த உப்பளத்து உயிர்

மரக்காணத்தில் உப்பு விளைய வேண்டுமானால், தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் சுண்டி, உப்பின் செறிவைக் காட்டும் போமே அளவில் 25 டிகிரியை எட்ட வேண்டும். கடல்நீர் இருப்பது 3 டிகிரி சுமாருக்குத்தான். இடையில் உள்ள பாத்திகளின் உப்பை மீன்கள் தாங்காது. அங்கே தைரியமாக வாழ்வது, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் மல்லாந்தபடி நீந்தும் ஆர்டீமியா. உவர் இறால் என்றும் சொல்வார்கள். இறாலுக்கு இது தூரத்து உறவுதான்.

இதற்கு 11 ஜோடிக் கால்கள். துடுப்பும் அவைதான், செவுளும் அவைதான், பாசியை வடிகட்டித் தின்னும் வலையும் அவைதான். பாசி குறைந்தால் உப்பு சுத்தமாக விளையும்; உப்புக்காரர்களுக்கு இது கூலி கேட்காத ஆள். நிலைமை மோசமானால் கால் மில்லிமீட்டர் முட்டைகளை இடும். காற்று அவற்றைக் கரையோரம் பழுப்புத் தூளாக ஒதுக்கும். காய்ந்த முட்டை வருடக்கணக்கில் கெடாது. உப்புநீரில் போட்டால் ஒரே நாளில் ஒற்றைக்கண் குஞ்சு வெளியே வரும். இறால் குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கிடைப்பது அரிது. அதனால்தான் மரக்காணம் கடற்கரையில் வரிசையாக இருக்கும் இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்கு ஆர்டீமியா முட்டை டின் டின்னாகத் தேவைப்படுகிறது. உலகச் சந்தையில் அதற்குப் பேர்போன இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரி. சிக்கல் தொடங்குவது இங்கேதான்: டின்னில் வருவதும் நம் பாத்தியில் இருந்ததும் ஒரே இனம் அல்ல. அதைப் பிரித்தறியவே நெடுங்காலம் ஆனது.

1758-இல் உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸ் ஆர்டீமியாவை நண்டுகளோடு சேர்த்து எழுதிவைத்தார். 1819-இல் விலங்கியலாளர் லீச் தனிப் பேரினமாக்கினார். அதன் பிறகும் குழப்பம் தீரவில்லை. நீரின் உப்பு ஏறினால் இதன் வால்நுனியும் மயிர்களும் சுருங்கி உருவமே மாறிவிடும். 1870-களில் ரஷ்ய ஆய்வாளர் ஷ்மான்கேவிச், உப்பின் அளவு மாறினால் ஓர் இனம் வேறோர் இனமாகிறது என்றே எழுதிவிட்டார். உருவத்தை நம்ப முடியாது என்று ஆனதும், நெடுங்காலம் உலகத்து ஆர்டீமியா எல்லாவற்றுக்கும் சலினா என்ற ஒரே பெயர்தான். பிறகு கலப்புச் சோதனையும் குரோமோசோமும் மரபணுவும் வந்து பிரித்தன: மத்தியதரைக் கடல் பக்கம் சலினா, அமெரிக்காவில் பிரான்சிஸ்கானா, அர்ஜென்டினா, சிலி பக்கம் பெர்சிமிலிஸ், ஈரானின் உர்மியா ஏரியில் உர்மியானா, சீனாவில் சினிகா, திபெத்தில் திபெட்டியானா. இவை போக, ஆணே வேண்டாமல் பெண்களே பெற்றுப் பெருகும் கூட்டங்கள் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எங்கும் உண்டு. தூத்துக்குடி உப்பளங்களில் முன்பு இருந்ததும் அந்த வகைதான்.

பறவையின் வயிற்றுக்குள் போனாலும் முட்டை உயிரோடு வெளியே வரும். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளிச் சதுப்புநிலத்துக்கு வரும் பூநாரைகள் போன்றவைதான் இயற்கையான தபால்காரர்கள். ஆனால் கடல் தாண்டி வந்தது டின். பொரிப்பகத்துக் கழிவுநீரோடு தப்பிய பிரான்சிஸ்கானா, வேகமாகப் பெருகி உள்ளூர்க் கூட்டங்களை விரட்டிவிட்டது என்று 2012-இல் இந்திய ஆய்வாளர்கள் ஹைட்ரோபயாலஜியா இதழில் எழுதினார்கள். எங்கும் விபத்து என்று சொல்லிவிட முடியாது. வியட்நாமின் வின் சாவ் உப்பளங்களில் இதை வேண்டுமென்றே விட்டு, முட்டை அறுவடை செய்து சம்பாதிக்கிறார்கள்.

நம் பாத்தியில் இருப்பது எது என்று அறிய ஆய்வகம்தான் வேண்டும் என்றில்லை; முதல் துப்பைக் கண்ணே தரும். ஒரு கிளாஸ் நீரை மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். பெரிய கொக்கி போன்ற கொம்பால் பெண்ணின் இடுப்பைப் பிடித்தபடி ஓர் ஆண் கூடவே நீந்துகிறதா? அப்படி ஜோடி ஜோடியாகத் தெரிந்தால், அது ஆண் இல்லாத பழைய கூட்டம் அல்ல. எது என்று முடிவாகச் சொல்ல மட்டும் மரபணுச் சோதனை வேண்டும்.

கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்குக் காவல் போட்ட அரசு, பொரிப்பகத்துக் கழிவுநீரை வடிகட்டி, முட்டையும் குஞ்சும் அழிந்த பிறகே வெளியே விட வேண்டும் என்பதையும் கண்டிப்பாக்க வேண்டும். உள்ளூர்க் கூட்டம் எங்காவது மிச்சமிருந்தால், அதன் முட்டைகளை இப்போதே சேகரித்து வைக்க வேண்டும். அதற்கு வேண்டியதெல்லாம் காற்றுப் புகாத டப்பாவும் சரியான லேபிளும்தான்.