காருக்கு ஒரு கண்ணாடிச் சட்டை

புதுக் கார் வாங்குகிற வீட்டில், சாவி கைக்கு வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து விடுகிறது. "ஸெராமிக் பூச்சும் போட்டு விடலாமா, மேடம்? அப்புறம் கழுவவே வேண்டாம், கீறலும் விழாது" என்கிறார் கடைக்காரர், தேன் ஒழுக. அவர் சொல்லும் தொகையைக் கேட்டதும் தீபாவளிக்கு நீங்கள் நினைத்து வைத்திருந்த பட்டுப் புடவை மெல்ல நழுவிப் போகிறது. வீட்டுக்காரரோ, "இதென்ன பிரமாதம்? சின்னப் புட்டிதானே! ஞாயிற்றுக்கிழமை நானே பூசி விடுகிறேன்" என்று சட்டைக் கையை மடித்து விடுகிறார்.

இருவருக்கும் நடுவில் பணப்பெட்டிச் சாவியோடு நிற்பவர் நீங்கள். ஆகவே, புட்டிக்குள் இருப்பது என்னவென்று பார்த்து விடுவோமே!

பெயரைக் கேட்டுப் பீங்கான் என்று நினைத்து விடாதீர்கள். மணலிலும் கண்ணாடியிலும் உள்ள சிலிகாவின் உறவுக்காரச் சரக்கு ஒன்றைக் கரைத்து அடைத்திருக்கிறார்கள். தகட்டில் தடவியதும் கரைத்த திரவம் ஆவியாகப் பறந்து விடும்; மிச்சம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக் கொண்டு, இறுகி, வர்ணத்தோடு ஒட்டிக் கொள்ளும். புதுத் தோசைக் கல்லைப் பழக்குகிறோமே, கிட்டத்தட்ட அந்தச் சங்கதிதான். எண்ணெயை மெல்லிசாகத் தடவிச் சூடேற்றினால் கல்லோடு இறுகிப் போய் மாவை ஒட்ட விடுவதில்லை. தாராளமாக ஊற்றினாலோ பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். காரிலும் அப்படியே.

இந்தச் சட்டையின் கனம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான்! இவ்வளவு மெல்லிய போர்வை, லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லைத் தடுக்குமா? பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் கைப்பிடியைத்தான் தாங்குமா? புட்டியின் மேல் '9எச்' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி, "வைரத்துக்கு அடுத்த கடினம்" என்று சாதிப்பவர்களும் உண்டு. அந்த ஒன்பது, பென்சில் ஒன்பது! வர்ணத்தைப் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையில் மிகக் கடினமான பென்சில் அது. வைரத்தை அளக்கும் அளவுகோலே வேறு.

பின் அதனால் லாபம்தான் என்ன? உண்டு. தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும். தூசியும் சேறும் அழுத்தமாகப் பிடிக்காது. கழுவும் வேலை சுலபமாகும். பளபளப்பு நீடிக்கும். காக்கை எச்சமிட்டால் உடனே கழுவி விடலாம். 'நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்' என்று விட்டால், பூச்சு இருந்தும் தழும்பு விழக் கூடும்.

இதை வீட்டிலேயே செய்ய முடியுமா? தாராளமாக. ஆனால் வேலை பூசுவதில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கிறது. காரை ஷாம்பூ போட்டுக் கழுவிய பின், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக் கொண்டு தகட்டைத் தடவிப் பாருங்கள். ரவை போல நெருடுகிறதா? அதற்கென்று விற்கும் களிமண் கட்டியைச் சோப்புத் தண்ணீர் வழுக்கலில் லேசாக ஓட்டினால் அந்த நெருடல் போய்விடும். நுண்ணிய கீறல்கள் இருந்தால் பாலிஷ் போட்டுப் போக்க வேண்டும். பாலிஷின் எண்ணெய்ப் பசையை, நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால், அழுக்கையும் கீறலையும் கண்ணாடிக்குள் வைத்துச் சட்டம் போட்ட கதைதான்! பட்டறையில் புது வர்ணம் அடித்த வண்டியானால், வர்ணம் நன்றாகக் காயச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

பூசும்போது வெயில் கூடாது; தகடு குளிர்ந்திருக்க வேண்டும். கையுறை அவசியம். மூடிய அறையும் பக்கத்தில் நெருப்பும் ஆகவே ஆகாது. குழந்தைகளை எட்ட நிறுத்துங்கள். மெத்தென்ற சிறு துணியில் சில சொட்டுகள் விட்டு, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் நெடுக்கிலும் குறுக்கிலும் தடவ வேண்டும். சிறிது நேரத்தில் வானவில் போல நிறம் காட்டும். அப்போது சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் இது வெகு விரைவில் இறுகி விடும். துடைக்காமல் விட்ட இடம் எண்ணெய்த் திட்டுப் போலக் கெட்டியாகி, மறுநாள் பாலிஷ் போட்டுத் தேய்த்தாலொழியப் போகாது. வீட்டில் செய்து கெட்டுப் போவதெல்லாம் அநேகமாக இந்த இடத்தில்தான். முதலில் கண்ணில் அதிகம் படாத ஒரு மூலையில் பழகிக் கொள்ளட்டும். டெலிபோன் மணி அடித்தால் நீங்களே எடுத்து விடுங்கள்.

ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படக் கூடாது. சுமார் ஒரு வாரம் ஷாம்பூ கூடாது. ஐப்பசியில் ஆரம்பிக்காதீர்கள். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கழுவினால் உடனே துடைத்து விடுங்கள். உருண்டு நிற்கும் முத்துக்கள் காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையம் வைக்கும்.

இன்னொருவரிடமும் பேச வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாக வந்து, உங்கள் குடியிருப்பின் பத்துக் கார்களையும் துடைத்து விட்டுப் போகிறாரே, அவரிடம். முதல் ஒன்பது கார்களின் மண்ணும் அந்தத் துணியில் இருக்கிறது. தனி வாளி ஒன்றும் நல்ல துணி இரண்டும் வாங்கி அவர் கையில் கொடுங்கள்; முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைப் போக்கிய பிறகே துணி வைக்கச் சொல்லுங்கள். மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கேட்பார். கொடுத்து விடுங்கள்.