பறிக்கப்பட்ட வாக்கும் நஞ்சான குடிநீரும்

ஆறு நஞ்சாகும்போதும் சேரிக்கு அருகே குப்பை கொட்டப்படும்போதும் நாம் மனு அளிக்கிறோம், மறியல் செய்கிறோம், நீதிமன்றம் செல்கிறோம். வாக்குரிமையைச் சுற்றுச்சூழல் சிக்கலாகப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் பிளின்ட் நகரில் நடந்தது, அப்படிப் பார்த்தாக வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ட், பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்களாக உள்ள தொழில் நகரம். ஆலைகள் மூடப்பட்டு நகர நிர்வாகம் கடனில் மூழ்கியபோது, 2011 இறுதியில் மாநில அரசு 'அவசரகால மேலாளர்' ஒருவரை நியமித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் மன்ற உறுப்பினர்களும் அதிகாரமற்றவர்களாயினர். இத்தகைய நியமனங்களுக்கு வழிவகுத்த சட்டத்தை 2012 நவம்பரில் மாநில வாக்காளர்கள் பொது வாக்கெடுப்பில் நிராகரித்தனர். அடுத்த மாதமே, மீண்டும் பொது வாக்கெடுப்புக்கு உட்படுத்த இயலாத வகையில், ஏறத்தாழ அதே சட்டம் நிறைவேற்றப்பட்டது.

2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வந்த நீருக்குப் பதிலாகப் பிளின்ட் ஆற்று நீர் வழங்கப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் குடிநீரில் கலந்தது. குழந்தைகளின் இரத்தத்திலும் ஏறியது. மக்கள் நிறம் மாறிய நீரைப் புட்டிகளில் ஏந்தி வந்து முறையிட்டனர். 2015 மார்ச்சில் நகர மன்றம் 7-1 என்ற கணக்கில் டெட்ராய்ட் நீருக்குத் திரும்ப வாக்களித்தது. மேலாளர் ஏற்க மறுத்தார். அக்டோபரில்தான் நீர் மாற்றப்பட்டது. இந்நெருக்கடியின் வேரில் அமைப்புசார் இனவெறி இருப்பதாக 2017இல் மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையம் கூறியது.

தேர்தலில் தோற்கும் அச்சமில்லாத ஒருவரிடம் மக்களின் சான்றுகள் எடுபடவில்லை. இவ்வுண்மையை உணர்ந்தே சியாரா கிளப், கிரீன்பீஸ் போன்ற சூழல் அமைப்புகள், கறுப்பின மக்களின் உரிமை அமைப்புகளோடும் தொழிற்சங்கங்களோடும் இணைந்து வாக்குரிமை விரிவாக்கத்திற்காக உழைக்கின்றன. 2018இல் மிச்சிகன் வாக்காளர்கள், தேர்தல் நாளிலும் பெயர் பதிவு செய்யவும் காரணம் கூறாமலே அஞ்சல் வழி வாக்களிக்கவும் வகைசெய்யும் அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றினர்.

நமக்கும் இது புதிதன்று. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும், 1996 முதல் 2006 வரை ஆதிக்கச் சாதியினர் தேர்தலையே முடக்கினர். குடிநீர், அரசமைப்பின் 11ஆம் அட்டவணை ஊராட்சிகளுக்கென வகுத்த 29 பொருள்களுள் ஒன்று. தலைவர் நாற்காலியை மறுப்பவர்கள் நீர்த்தொட்டியின் மீதான அதிகாரத்தையும் சேர்த்தே மறுக்கிறார்கள்.

கிராம சபையின் உறுப்பினர் யார் என்பதையும் வாக்காளர் பட்டியலே தீர்மானிக்கிறது. செங்கல் சூளைக்குப் புலம்பெயர்ந்த குடும்பத்தின் பெயர் நீக்கப்பட்டால், ஊரில் வரவிருக்கும் கல்குவாரியை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவரும் உரிமையும் அக்குடும்பத்திடமிருந்து நீங்குகிறது. ஆகவே, நீர் மாதிரியைச் சோதனைக்கு எடுக்கச் செல்லும் தோழர்கள் வாக்காளர் பட்டியலையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். விடுபட்ட பெயர்களைச் சேர்ப்பதும், சேரி மக்கள் அச்சமின்றிச் செல்லத்தக்க இடத்தில் வாக்குச்சாவடி கோருவதும் நம் சூழல் போராட்டத்தின் பணிகளே.